கூடாது

அழவிடக் கூடாது என்றார்கள்;
அழுதால் நீலம் பாரிக்கும் உதடு.
அதனால் இரண்டு வருஷம்
ரயேன் கேட்டதெல்லாம் கிடைத்தது:
நடுராத்திரியில் பிளம் ஜாம்,
அப்பாவின் ஒற்றை பூட்ஸ்,
ஒருநாள் பக்கத்து வீட்டு வாத்துகூட.

தீவிலிருந்து படகு, பிறகு விடிய விடியப் பேருந்து.
சாந்தியாகோவில் ஏழாம் மாடி.
ரசீதின் பின்புறம் டாக்டர் இதயம் வரைந்தார்.
ஓட்டையைக் காட்ட அழுத்தியதில்
தாள் கிழிந்தது.
எர்சிலியா அதை மடித்து வைத்துக்கொண்டாள்.

ஆறு மணி நேரம்.
காபி மெஷின் எலிசியோவின் சில்லறையைத்
திரும்பத் திரும்பத் துப்பியது.

பதினோராம் நாள்
மார்புப் பிளாஸ்திரியைப் பிய்க்கப்போனாள் ரயேன்.
"கூடாது" என்றாள் எர்சிலியா.
பிள்ளை அதுவரை கேட்டிராத சொல்.
வாய் கோணியது.
வார்டே அதிர்ந்தது.

எலிசியோ குனிந்து உதட்டைப் பார்த்தான்.
சிவப்பு.
ஓடிவந்த நர்ஸைக் கையமர்த்தினான்:
"இன்னும் கொஞ்சம் அழட்டும்."