தோள்வார்

இனி பெல்ட் வேண்டாம் என்றாள் செவிலி.
தொப்புளுக்கு இடப்பக்கம் நான்கு விரல் தள்ளி
கிளிஃபர்ட் ஆர்மராட் வயிற்றில் இப்போது ஒரு பை.
குடல் அங்கே வந்து வெளியே எட்டிப் பார்க்கிறது.
அதன் தலையில் பெல்ட்டை இறுக்க முடியுமா?

டாட்மார்டன் கடைத்தெருவில்
எலாஸ்டிக் தோள்வார் தொங்கியது. வாங்கினார்.
புதன்கிழமை,
தேவாலயத்துப் பின்கூடத்தில் பித்தளை வாத்திய ஒத்திகை.
மெதுவாக, இன்னும் மெதுவாக என்று
திருமதி ஹால்ஸ்டெட் கையைத் தாழ்த்திய இடத்தில்
கிளிப் தெறித்தது.
பக்கத்து டியூபாவின் வாயில் பட்டு
டிங் என்றது.
சுருதி சேரவில்லை.
யூஃபோனியத்தைக் குழந்தையைப் போல மடியில் அணைத்து
தேநீர் இடைவேளையிலும்
எழாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆகவே, தோல்.

குழாயாகச் சுருட்டிய பொட்டலம்.
முப்பத்தொரு வருடம் இந்த மேட்டுத் தெருக்களில்
தபால் சுமந்தவர் வீட்டு வாசலில்
யாரோ ஒரு பையன் அதை வைத்தான்,
படம் எடுத்துக்கொண்டான், போய்விட்டான்.
ரசீதில் இருந்தது:
மாடு. தோள்பட்டைப் பகுதி.
தோளில் உரித்த தோல்
தோளுக்கே போகிறது.
மாட்டை யாரும் கேட்கவில்லை.

சமையல் மேசையில் விரித்தார்.
ரொட்டி டப்பா ஒரு முனையில், ஜாம் பாட்டில் மறுமுனையில்,
இருந்தும் சுருண்டுகொள்ளவே பார்த்தது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் வெட்டு.
இரண்டாவதில் மூச்சு விட்டுவிட்டார்;
அது நாயின் கழுத்துப்பட்டை ஆயிற்று.
அவரிடம் நாய் இல்லை.
பக்கத்து வீட்டில் இருக்கிறது.

முள்கரண்டியை அழுத்தி நடத்தினால்
நான்கு நான்காகப் புள்ளி விழும்.
புள்ளிதோறும் குத்தூசி.
பிறகு ஒரு நூல், இரண்டு ஊசி,
ஒரே துளையில் அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று,
குறுகிய சந்தில் எதிரெதிர் வந்துவிட்ட
இரண்டு தடித்த ஆட்களைப் போல
முனகிக்கொண்டு விலகிப் போகும்.
ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடிக்கும்.
என்னைத் தைத்தவன்
இவ்வளவு நெருக்கமாகத் தைக்கவில்லை என்று
சட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

ஓரங்களில் எச்சில் தொட்டு
மரக்கரண்டியின் முதுகால் தேய்த்தார், மினுங்கும் வரை.
கரண்டி அன்றிரவே சூப்புக்குத் திரும்பியது.
பேண்ட்டின் உள்பக்கம் ஆறு பொத்தான்.
கறுப்பில் ஐந்துதான் கிடைத்தன.
ஆறாவது பச்சை; அதை முதுகுப் பக்கம் வைத்தார்.

கண்ணாடி முன் மாட்டிக்கொண்டால்
இடப்பக்கம் தொய்கிறது.
கழற்றி அளந்தார். இரண்டும் சமம், மயிரிழை பிசகில்லை.
மாட்டினார். தொய்கிறது.
மறுபடி அளந்தார்.
பிறகு, வெளிச்சம் போகும் நேரத்தில்,
நாடாவைத் தரையில் வைத்து மேலே இழுத்துத்
தன்னை அளந்தார்.
இடத்தோள் ஒரு அங்குலம் கீழே.
முப்பத்தொரு வருடப் பை,
கழற்றி வைத்த பின்னும்
அங்கேயே தொங்குகிறது போல.
அளவுகோல் சரி.
ஆள்தான் கோணல்.
தோலை வெட்டவில்லை. இடப்பக்கம்
துளை மட்டும் ஒன்று கூடுதலாகப் போட்டார்.

புதன்கிழமை.
அதே மெதுவான இடம்.
கிளிஃபர்ட் மூச்சிழுத்தார்: கிறீச்.
விட்டார்: கிறீச்.
குச்சி அந்தரத்தில் நின்றது.
"யார் அங்கே, எலியா?"
"புதுத் தோல்" என்றார்.
காதுமடல் சிவக்க, இன்னும் ஏதோ சொல்ல வேண்டும்போல,
"பழகிடும்."

மூன்றாம் பக்கம், மேல் வரி, மறுபடி.
எல்லா வாத்தியமும் அடங்கி
கார்னெட் ஒன்று மட்டும் நூலாக நீளும்போது
இன்னொரு சத்தம் வந்தது,
சின்னதாக, குழைவாக, நடுவயிற்றுக்குக் கொஞ்சம் இடப்பக்கமிருந்து.
இத்தனை வாரமாக அவர் பயந்துகொண்டிருந்த சத்தம்.
அதைப் பிடிக்க எந்தப் பொத்தானும் இல்லை.

டியூபாக்காரர் டென்சில்
தாளிலிருந்து கண்ணெடுக்காமலே சொன்னார்:
"நல்ல தோல்."