அரைக்குயர் நோட்டு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் விழுந்துவிட்டால்
என் கடையில் ஆள் சேரும்.
டேங்கர் வண்டி கடக்கிற வரைக்கும் சும்மா நிற்பானேன் என்று
ஒருவருக்கு கேஸ் பதியணும், ஒருவருக்கு பி.எஃப். பார்க்கணும்,
ஒருவருக்கு வெறும் ஃபேன் காற்று.

பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று கேட்டால்
முதலில் எல்லோரும் சிரிக்கிறார்கள்,
வயதைக் கேட்டுவிட்ட மாதிரி.
அப்புறம் கடைசிப் பிள்ளையின் பெயர்.
போதாது, ஒரு குறி வேணும், நம்பர் வேணும் என்றால்
"நீயே எதையாச்சும் போட்டு எழுதி வெச்சுக்க, ஏகா.
எனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது."

அப்படி நிரம்பியது அரைக்குயர் நோட்டு.
உள்ளதைச் சொல்வதென்றால்
முதல் பத்துப் பேருக்குத்தான் யோசித்தேன்.
பிறகு எனக்கும் அலுத்துவிட்டது,
எல்லோருக்கும் ஒரே சொல்.
தெரு முழுக்க ஒரே சாவி,
அது என் மேஜை டிராயரில்
கத்தரிக்கோலுக்கும் காய்ந்த ஸ்டாம்பு பேடுக்கும் நடுவே.
டிராயருக்குப் பூட்டு இல்லை.
ஷட்டருக்கு உண்டு, இரண்டு.
அதில் ஒன்று புயல் தண்ணீர் ஏறிய வருடமே துருப்பிடித்துச் செத்தது,
பார்க்கிறவர்களுக்காகத் தொங்குகிறது.

ஆடியில் ஒரு மத்தியானம்
தண்டல் விடுகிற புருஷோத் வந்தான்.
நோட்டு வேண்டுமாம், ஒரு மணி நேரத்துக்கு.
யார் கணக்கில் என்ன கிடக்குது என்று தெரிந்தால்
கடன் கொடுக்க வசதியாம்.
"உன் மெஷின்லயே ஜெராக்ஸ் எடுத்துக்கறேன்,
பக்கத்துக்கு ரெண்டு ரூபாயும் குடுத்துடறேன்."
டோனர் இல்லை என்றேன்.
மெஷினில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன்.

அன்றிரவு நோட்டு என்னோடு வீட்டுக்கு வந்தது.
அரிசி டின்னில் வைத்தேன். எடுத்து
துணி மூட்டையில் வைத்தேன். எடுத்து
தலையணைக்கு அடியில்.
நூற்றுப் பதினாறு பேர் தலைக்கடியில்
முணுமுணுத்தார்கள் என்று எழுதினால் பொய்.
யாரும் முணுமுணுக்கவில்லை,
அவரவர் வீட்டில் நிம்மதியாகத் தூங்கினார்கள்.
அதுதான் உறுத்தியது.

மறுநாளிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.
நாற்காலியைக் கொடுத்துவிட்டு
சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.
காலண்டரில் ராகுகாலம் எமகண்டம் எல்லாம் மனப்பாடம்.
பின்னால் ஒற்றை விரல் தட்டும் சத்தம்,
நடுநடுவே என்னை வைகிறதும்.
"இத்தினி நாள் நல்லாத்தானே போச்சு?"
போச்சு, தேசிங்கண்ணே. அதான் பயமா இருக்கு.

ஒரு வாரத்தில் பாதிப் பேர் மறந்தார்கள்.
தேசிங்கு சிலிண்டர் மேல் சாக்பீஸால் எழுதிவைக்க
கேஸ் போடுகிற பையன் படித்துவிட்டு
"எழுத்துப் பிழைண்ணா" என்றானாம்.
ஜெசிந்தா மூன்று முறை தப்பாகப் போட்டு
கணக்கு பூட்டிக்கொண்டது,
மகளின் ஸ்காலர்ஷிப் தேதி தாண்டிவிட்டது.
இப்போது எதிர்ச்சாரியில்தான் நடக்கிறாள்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ரமணம்மாவுக்கு ஒரு வழி சொன்னேன்:
ஒன்றோடொன்று ஒட்டாத நாலு வார்த்தை எடு,
நெத்திலி, குடை, அந்த மாதிரி.
இதே வேண்டாம், இது நான் சொன்னது.
உனக்கே சிரிப்பு வந்தால் மறக்காது.
உதட்டை அசைத்துக்கொண்டே போனாள்.

இன்று கேட் மூடியிருக்கிறது.
அந்தப் பக்கம் மீன் அன்னக்கூடையோடு ரமணம்மா.
"ஏகா! ஞாபகம் இருக்குடி! சொல்லட்டா?"
வேணாம் என்று இரண்டு கையையும் ஆட்டினேன்.
சொல்லு என்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.
வாயைத் திறந்தாள்.

அப்போது வந்தது வண்டி.
ஒவ்வொரு டேங்கருக்கும் நடுவில் விழுகிற சந்தில்
அவள் வாய் மட்டும் தெரிந்தது,
நாலையும் கத்திச் சொல்லி
சிரித்து
மறுபடி முதலிலிருந்து.

நான் டேங்கர்களை எண்ணினேன்,
இன்னும் வரட்டும், இன்னும் வரட்டும் என்று.