இருபத்தொன்பதாம் எண்

ஆறாம் ஆண்டு. பதினொரு பேர்.
பாடம்: உலகை மாற்றியவர்கள்.
மதிப்பெண் முறையைப் பலகையில் எழுதிப் போட்டேன்:
படத்துக்கு இரண்டு,
பிறப்பு இறப்புக்கு இரண்டு,
சாதனைக்கு ஆறு.

சுங்கை தெம்பாயானில் ஒரே புத்தகக் கடை.
ஐம்பது காசுக்கு ஒரு தாள்,
தாளுக்குப் பன்னிரண்டு தலைவர்கள்,
எல்லாருக்கும் பின்னால் ஒரே நீல வானம்.
நான்கு மணிலா அட்டைகளில்
அதே கண்ணாடி, அதே மீசை வந்து நின்றன.
லோஷினியின் தலைவருக்கு
ஒரு காது கத்தரியோடு போயிருந்தது.

தர்வீன் படமில்லாமல் வந்தான்.
கையில் ஒரு செக்ரோல் புத்தகம்.
அப்பா பழைய இரும்பு லோரி ஓட்டுகிறார்;
தோட்ட ஆபீசை உடைத்த அன்று
தகரத்தோடு தகரமாய் ஏறி வந்ததாம்.
கறையான் மண் மேசையெல்லாம் கொட்டியது.
“டீச்சர், இதுல ஆள் இருக்கு.
யாருன்னுதான் தெரியல.”

விரித்தான்.
ஜனவரி: எண், பெயர், பிடித்தம், சம்பளம்.
கடைசிக் கட்டத்தில்
ஒன்றிலிருந்து நாற்பது வரை ஊதாக் கட்டைவிரல்கள்,
நாவற்பழம் தின்ற பிள்ளைகள்
சுவரைத் தொட்டுப் போனதுபோல.
மார்ச்சில், பன்னிரண்டாம் எண்ணுக்கு நேரே
விரல் இல்லை. எழுத்து.
கொம்பைப் பின்னால் போட்டு,
புள்ளியை மறந்து,
கட்டத்தைத் தாண்டி அடுத்தவள் கட்டத்தில் இடித்துக்கொண்டு
ஒரு செவந்தி.
ஏப்ரலில் பதினொன்று, பதின்மூன்று.
மே மாதம் பதினாறு வரை.

“சீக்கு மாதிரி பரவுது” என்றான் யுவனேஷ்.
வகுப்பு சிரித்தது.
லோஷினி எண்களை லயத்து வீடுகளாக வரைந்தாள்,
இந்தப் பக்கம் இருபது கதவு, அந்தப் பக்கம் இருபது.
பென்சில் கதவு கதவாகப் போனது.
குழாயடி எங்கே என்று சண்டை வந்தது.
பன்னிரண்டுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?
கிராணியா? கிராணிக்கு வீடு லயத்திலேயே இல்லையே.
யூனியன் ஆளா? கோயில் பூசாரியா?
என்னைப் பார்த்தார்கள்.
பாடநூலைப் புரட்டினேன்; முகங்கள் இருந்தன.
தெரியாது என்று சொல்லப்
பயிற்சிக் கல்லூரியில் யாரும் கற்றுத் தரவில்லை.
சொன்னேன்.

செப்டம்பருக்குள் முப்பத்தொன்பது பெயர்கள்.
இருபத்தொன்பது மட்டும் விரல்.
சுற்றிலும் எழுத்து, நடுவில் ஓர் ஊதாச் சுழி.

அக்டோபர் பக்கத்தைத் திருப்பியதும்
சத்தம் அடங்கியது.
கடைசிக் கட்டம் மேலிருந்து கீழ்வரை வெறும் தாள்.
ஏன் என்று தேடினோம்.
தர்வீனின் விரல் பிடித்தத்தில் நின்றது:
அரிசி. அதற்குக் கீழே மறுபடியும் அரிசி.
நாற்பது பேருக்கும் இரண்டு தடவை.
“படிச்சிட்டாங்க” என்றான், மெதுவாக.
நவம்பரில் சிவப்பு மையில் அடித்தல், திருத்தம்,
கிராணியின் அவசரச் சுருக்கொப்பம்.
கையெழுத்துகள் திரும்பி வந்திருந்தன.
இருபத்தொன்பதின் விரலும்.

“டீச்சர், அவங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே,
அக்டோபர்ல அவங்களும் ஏன் வைக்கல?”

மணி அடித்தது.
நாசி லெமாக் வாசத்துக்கு ஓடிப்போனார்கள்.
புத்தகம் திறந்தே கிடந்தது,
மின்விசிறி அதை டிசம்பருக்குத் தள்ளப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை அட்டைகளைச் சுவரில் ஒட்டினோம்.
தர்வீனின் அட்டையில்
படத்துக்குக் கோடு போட்ட ஒரு சதுரம், காலியாக.
பிறப்பு: தெரியாது.
இறப்பு: தெரியாது.
சாதனை: அக்டோபரில் விரல் வைக்கவில்லை.
மேலே, கொட்டை எழுத்தில்,
கறையான் விட்டுவைத்த அளவுக்குப் பெயர்:
...யாயி.

சிவப்புப் பேனாவோடு நிற்கிறேன்.
ஆறு போட்டுவிட்டேன்.
மீதி நான்குக்கு,
பலகையில் என் கையெழுத்தில் இருப்பதைப் படிக்கிறேன்.
யாரும் இன்னும் அதை அழிக்கவில்லை.