நீல நாடா

கடையில் சிவப்பு தீர்ந்திருந்தது.
"நீலம்தான் இருக்கு, கிராசியெத். பாதி விலை"
என்றாள் ஃபிலோமேனா.
மூன்று சுருள் வாங்கினேன்
ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு.
பனிமாதா சிற்றாலயத்தில் கிளம்பி
பனிமாதா சிற்றாலயத்திலேயே முடியும்
பதினோரு கிலோமீட்டர்.

எங்கள் மலைப்பக்கம்
ஒவ்வொரு கல்லும் யாரையாவது எங்காவது அனுப்பப் பார்க்கும்.
மஞ்சள் அம்பு வடக்கே, சந்தியாகப்பரிடம்.
நீல அம்பு தெற்கே, ஃபாத்திமாவுக்கு.
இரண்டும் ஒரே கம்பத்தில்
பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளைப் போல
ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.
நான் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்.
போய்விட்டு வருவதுதான் பிழைப்பு.
திரும்பி வராத பாதையை
என் முழங்காலும் நம்பாது.

வெள்ளி விடியலில் கட்டினேன்.
முதல் நாடா தண்ணீர்த் தொட்டிக் குழாயில்.
அடுத்தது, சோளக்காட்டோரம்
கருங்கல் கால்களில் நிற்கும் தானியக் குதிரில்.
அங்கே பாதை பிரிகிறது.
என் நாடா பளபளவென்று ஆடியது;
ஃபாத்திமா அம்பு வெயிலில் வெளுத்து
பாசிக்குள் பாதி போயிருந்தது.
அதை நான் பார்த்தேன்.
பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினேன்.

ஏற்றம் என்று சொன்னால் போதாது.
யூகலிப்டஸ் நடுவே
மழை அரித்த தடம், உருளும் கல்.
குதிகால் தரையில் படக்கூடாது.
நுனிக்காலில், தொடையில் கை ஊன்றி,
யாரையும் திட்டாமல் போகவேண்டும்.
(திட்டினால் மூச்சு போதாது.)
உச்சியில் காற்றாலைகள்.
பிறகு முட்புதர் மஞ்சளாய்ப் பூத்த சரிவு,
ஒரு சுனை,
அத்ரியானோ வீட்டு வாசலில் ஒரு நாய்.
பெயர் இடி. சங்கிலி நாலு முழம்.

சனிக்கிழமை மாலை
நாடாக்கள் இருக்கின்றனவா என்று ஓடிப் பார்த்து முடித்தபோது
ஆலயப் படியில் ஒருவர்.
ஒளிரும் மேல்சட்டை.
காலணியைக் கழற்றி
கொப்புளங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

எவரிஸ்தோ. லக்ஸம்பர்கில் கான்கிரீட் வேலை.
ஆகஸ்ட் லீவில் வந்தவர்.
பதின்மூன்றாம் தேதிக்குள் ஃபாத்திமா.
மகனுக்காக வேண்டிக்கொண்டதாம்.
மகனின் காதைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார்,
விட்டுவிட்டார்.

"நீலத்தைப் பிடித்துக்கொண்டே வந்தேன்," என்றார்.
"காலையிலே இந்த மாதா.
மத்தியானமும் இதே மாதா.
எல்லா ஊரிலும் ஒரே அச்சில் செய்கிறார்கள் போல என்று
கும்பிட்டுவிட்டு நடந்தேன்.
நாய்தான் காட்டிக்கொடுத்தது.
இரண்டாம் தடவை அது குரைக்கவில்லை."

இரண்டு சுற்று.
இருபத்திரண்டு கிலோமீட்டர்.
ஃபாத்திமா ஒரு அடிகூடப் பக்கத்தில் வரவில்லை.

நாடா என்னுடையது என்றேன்.
அவர் நாடாவைப் பார்க்கவில்லை,
என் காலணியைப் பார்த்தார்.
பேருந்து இருக்கிறது,
தவறிய தூரத்தைத் தாண்டி விட்டுவிடுகிறேன் என்றேன்.
"வேண்டுதலுக்குச் சக்கரம் ஆகாது."
கொஞ்ச நேரம் கொப்புளத்தை அழுத்திப் பார்த்தார்.
"நடந்தது கணக்கில் வருமா?"

நான் என்ன பாதிரியாரா?
"அந்த மேட்டில் மூச்சு போனதா?" என்று கேட்டேன்.
"போச்சு. இரண்டு தடவையும்."
"அப்போ வரும்."
நம்பினாரா தெரியாது.
தீயணைப்பு நிலையத்தில்
யாத்ரீகர்களுக்குப் பாய் விரிப்பார்கள்;
அங்கே கொண்டுபோய் விட்டேன், நடத்தியே.

அன்றிரவு டார்ச்சும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு
குதிரடிக்குப் போனேன்.
பாசியைச் சுரண்டி, அம்புக்கு வெள்ளைக் கரை போட்டேன்.
கை நடுங்கி அம்பு கொஞ்சம் கோணல்.

ஞாயிறு நாற்பத்திமூன்று பேர் ஓடினார்கள்.
யாரும் தொலையவில்லை.

திங்கள், நாடா அவிழ்க்கத் தனியே ஓடினேன்.
குழாய், குதிர், மேடு, காற்றாலை, சுனை.
ஒன்பது வருடமாய் இதே வழி.
இடி, சங்கிலி அறுக்கும் அளவுக்கு,
என்னைப் பார்த்துக் குரைத்தது.