வலப்பாதிச் சுழியம்

காக்கி புக்கிட், ஆறாவது மாடி, இரவு ஒன்பது நாற்பது.
மூன்றாவது மாஸ்ஃபெட்டும் போயிற்று.
சத்தம் பெரிதில்லை, கடுகு வெடிப்பது போல ஒன்று,
பிறகு கருகிய வாடை.
ஃபிர்தௌஸ் ஜன்னலைத் திறக்க எழுந்து
அது திறக்காத ஜன்னல் என்று ஞாபகம் வந்து
உட்கார்ந்துகொண்டான்.

கணினியில் எல்லாம் சரியாகவே ஓடுகிறது.
சரியாக ஓடும்படி
அதற்குச் சொல்லிவைத்தவள் நான்தானே.
தாளை எடுத்தேன்.

உள்ளே முப்பத்தாறு வோல்ட், வெளியே நாற்பத்தெட்டு.
சுவிட்ச் மூடியிருக்கும் இரண்டரை மைக்ரோ நொடியில்
சுருளுக்குக் கிடைப்பது முப்பத்தாறு.
திறந்திருக்கும் ஏழரை மைக்ரோ நொடியில்
பன்னிரண்டு, எதிர்த்திசையில்.
(ஏழரை என்று எழுதும்போது மட்டும்
பேனா கொஞ்சம் தயங்கும். பொறியாளர்தான், இருந்தாலும்.)
பெருக்கினேன்.
தொண்ணூறு.
தொண்ணூறு.

வாங்கியதை அந்தச் சுற்றிலேயே திருப்பிவிடும் சுருள்.
மிச்சம் வைத்தால்
மின்னோட்டம் படிப்படியாக ஏறி
உள்ளகம் நிறைந்து,
அப்புறம் அது சுருளே இல்லை, வெறும் கம்பி.
மூன்று சாவுக்கும் காரணம் இந்தக் கம்பிதான்.
ஆனால் ஏன் மிச்சம் வைத்தது?

அடுத்த பக்கம், சராசரி.
நொடிக்கு லட்சம் முறை அடித்துக்கொள்ளும் ஒன்றை
அலையில்லாத ஒரே கோடாக வரைந்தேன்.
சின்னச் சின்ன நடுக்கங்களை விட்டுவிடலாம்
என்று எழுதிக் கையெழுத்துப் போடாத குறை.
அணி ஒன்று, அணி இரண்டு,
மூடிய நேரத்துக்கு இவ்வளவு, திறந்த நேரத்துக்கு அவ்வளவு,
கலந்து, சுருக்கி, அடித்து, மறுபடி எழுதி,
பையில் தொங்கிய கோப்பி ஓ பெங்
முழுக்கத் தண்ணீரான பிறகு

வந்தது.
வலப்பாதியில் ஒரு சுழியம்.

அது இருக்கும் என்று எனக்குத் தெரியும்.
பரீட்சையில் பத்து மதிப்பெண் அதற்கு வாங்கியிருக்கிறேன்.
அதிகம் கேட்டால் முதலில் குறைத்துத் தரும் சுற்று இது.
கேட்டதும் சுவிட்ச் கூடுதல் நேரம் மூடிக்கொள்கிறது,
சுருள் நிரம்புகிறது,
அதுவரை டையோடு வாசலைச் சாத்திவிடுகிறது.
வெளியே நிற்கும் சுமைக்கு
கெப்பாசிட்டரின் கைச்சேமிப்பு மட்டும்.
பொறுத்தால் வரும்.
பொறுக்கவில்லை என் கட்டுப்பாட்டுச் சுற்று:
குறைகிறதே, இன்னும் கேள். இன்னும் குறைகிறதே,
இன்னும் கேள்.

புங்கோல் கூரைத் தகடுகளுக்கு
வேகமாக எதிர்வினை வேண்டுமாம் என்று
குவெக் சொன்னது உண்மை.
செவ்வாய்க்கிழமை மாலை
அந்தச் சுழியத்தைத் தாண்டி வேகத்தைக் கூட்டியது
குவெக் இல்லை.
ஃபிர்தௌஸிடம் இதைச் சொல்ல
இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டேன்.
அவன் தலையாட்டிவிட்டு
பெரிய கெப்பாசிட்டரைத் தேடப் போனான்.

பதறாத காரியம் சிதறாது.
பற்றவைத்தபடியே முணுமுணுத்தேன்.
தட்டில் இருந்தது ஒரே ஒரு மாஸ்ஃபெட்.
அடுத்தது வியாழக்கிழமை வரும்.

கண்ணாடி மாட்டிக்கொண்டு
அவன் கதவுக்குப் பின்னால் நின்றான்.
நான் சுமையை ஏற்றினேன்.
திரையில் மஞ்சள் கோடு இறங்கியது.
நாற்பத்தேழு. நாற்பத்தாறு.
எதையும் தொடாமல் நின்றேன்.
நான்கு மில்லி நொடிதான் அது,
திரையில் உறைந்த பிறகு எண்ணினேன்.
மெல்ல வளைந்து,
ஏறி,
நாற்பத்தேழு புள்ளி ஒன்பது ஆறில் நின்றது.
அந்த நான்கு நூறாவது
மின்தடைகளின் விலையில் இருக்கிறது.
இன்றைக்கு அது போதும்.

விளக்கை அணைத்து லிஃப்டை அழைத்தோம்.
கீழே போக வேண்டிய எங்களை ஏற்றிக்கொண்டு
அது முதலில் எட்டாவது மாடிக்குப் போனது.
கதவு திறந்தது. யாரும் இல்லை.
ஃபிர்தௌஸ் என்னைப் பார்த்தான்.
பொத்தானை மறுபடி அமுக்கப் போன கையை
பைக்குள் வைத்துக்கொண்டேன்.