வழியில் செத்த குதிரைக்கும்

திக்டாகா லாயத்தில்
எனக்கு இது யாண்டு பதினொன்றாவது.
கல்வெட்டில் இப்படித்தான் தொடங்குவார்கள்,
அரசன் பட்டமேறிய நாளிலிருந்து எண்ணி.
நான் விசா அடித்த நாளிலிருந்து எண்ணுகிறேன்.

மாலை ஐந்து மணி. நாற்பத்தோரு டிகிரி.
ஷம்மாவின் பின்னங்கால் என் தொடையிடுக்கில்.
சூட்டு லாடம் பட்டதும்
குளம்பிலிருந்து கருகிய மயிர் வாடை.
அவள் கொட்டடியில் ஏசி இருபத்திரண்டில் ஓடுகிறது.
அவளுக்கும் பாஸ்போர்ட் உண்டு,
நெற்றிச் சுழியும் முன்னங்கால் வெள்ளையும்
கோட்டுப்படமாக வரைந்தது.
அது மேசை இழுப்பறையில் கிடக்கிறது.
என்னுடையது கம்பெனிப் பெட்டகத்தில்.

இந்தக் கடல் வழியாகத்தான்
ஆண்டுக்கு ஆயிரத்து நானூறு போயின
பாண்டியனுக்கு.
காயல் துறையில் இறங்கியவற்றுக்கு
நெய்ச்சோறு வைத்தார்களாம்,
வெந்த கறி வைத்தார்களாம்.
ராஜ உபசாரம்!
வயிறு ஊதி, குளம்பு பிளந்து
வருஷம் திரும்புமுன் சரிந்தன.
லாடம் அடிக்கத் தெரிந்தவன் ஒருவனைக்கூட
வணிகர்கள் கப்பலேற்றவில்லையாம்.
செத்தால்தானே
அடுத்த வருஷமும் விற்கலாம்.

நானோ எழுநூறு வருஷம் பிந்தி
எதிர்க்கரையில்
ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

எங்கள் கேம்ப்பில்
சுந்தரபாண்டியும் வீரபாண்டியும் ஒரே அறை.
சரித்திரத்தில் அண்ணன் தம்பி,
அரியணைக்காக நாட்டையே கொளுத்தியவர்கள்.
இங்கே ஒருவன் கமுதி, இன்னொருவன் திசையன்விளை,
சண்டை கீழ்க்கட்டிலுக்கு.
ராஜேந்திரன் தண்ணீர் லாரி ஓட்டுகிறான்.
நந்திவர்மன் லத்தி வாருகிறான்.
ஃபோர்மேன் வாரிஸ் கானுக்கு
எங்கள் வம்சாவளி எதுவும் நாக்கில் புரளாது.
குலசேகரனை அவர் குல்சார் என்றே கூப்பிட்டார்.
அவர்கள் மொழியில் தோட்டமாம்.
அரசனுக்குத் தோட்டம் தேவலை,
நாலு பேர் தண்ணியாவது ஊத்துவான்
என்றான் குலசேகரன்.

ஜூலையில்
புல்லுக்கட்டு லாரியின் நிழலில் உட்கார்ந்தவன்
எழுந்திருக்கவில்லை.
இயற்கை மரணம் என்று தாள் வந்தது.
இருபத்தாறு நாள் பிணவறையில் கிடந்தான்.
ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் பாக்கி என்று
கணக்கில் எதையோ கழித்தார்கள்.
பெட்டியோடு போனவை
ஒரு செல்போன், இரண்டு கைலி,
பிரிக்காத ஒரு டப்பா பால்மாவு.

அன்று ராத்திரி போனில் அதைப் படித்தேன்.
பழைய பாரசீகக்காரன் ஒருவன் குறித்து வைத்திருக்கிறான்:
ஒரு குதிரைக்கு இருநூற்றிருபது செம்பொன்.
கரை சேர்ந்தாலும் அதே விலை.
வழியில் செத்தாலும்
அரண்மனை முழுசாகக் கொடுத்துவிடும்.
பணம் கோயில் நிலத்து வருமானத்திலிருந்தாம்,
தேவரடியார் கட்டிய வரியிலிருந்தாம்.
போன வருஷமாக இருந்தால்
ஏமாளி ராஜா என்று சிரித்திருப்பேன்.
மேல்கட்டிலில் குலசேகரனை எழுப்பி
உன் பேர்க்காரன் பண்ணின காரியத்தைப் பாருடா
என்றிருப்பேன்.
அந்தக் கட்டிலில் இப்போது
யாரோ ஒரு நேபாளிப் பையன்,
பெயர் இன்னும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஷம்மா
விமானத்தில் பிரான்ஸுக்குப் போகிறாள்.
கூட ஒரு ஆள் போகவேண்டும்.
வாரிஸ் கான் ஃபாரத்தை நீட்டினார்.
மதிப்பு என்ற கட்டத்தில்
அவள் பெயருக்கு நேரே ஏழு இலக்கம்.
அடுத்த வரியில் என் பெயர்,
அதற்கு நேரே ஒரு சிறு கோடு.
எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று
இரண்டு முறை பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

கடைசி ஆணி.
முனையை முறுக்கி உடைத்து, அரம் போட்டு
காலை விட்டேன்.
ஊன்றிப் பார்த்தாள்,
ஒரு தரம், இன்னொரு தரம்.
பிறகு கழுத்தைத் திருப்பி
என் சட்டைப்பையை முகர்ந்தாள்,
கேரட் இருக்கிறதா என்று.

இருந்தது.