வெட்டிய இடம்

ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
லெபோ பாசாரில் தொண்ணூறு வெள்ளி, தள்ளுபடி கிடையாது.
ஆளுக்கு முப்பது போட்டு வாங்கினோம்.
மூவருக்கும் வேறுவேறு ஷிப்ட் என்பது
அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ரொட்டிக் கத்தியால் அதன் முதுகைப் பிளந்தவள்
மிருணாளினி.
"புத்தகத்துக்கு வலிக்காது லா."
காய்ந்த கோந்து பாயெங்கும் உதிர்ந்தது.
முதல் பகுதி எனக்கு, நடு செண்பகவல்லிக்கு,
கடைசி அவளுக்கு.
முடிவிலிருந்து தொடங்க
அவள் வெட்கப்பட்டதே இல்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பேருந்தில்
நீல மேலங்கிக்குள் மறைத்துப் படித்தேன்,
நிழலை வரியாகக் கட்டும் நாட்டை.
ஆண்டுக்கு ஒரு சாண்.
நிழலே இல்லாமல் பிறந்த எயினியை
வரிக்காரர்கள் தேடிய இரவுகளில்
சிப் எண்ணுவதில் பிசகினேன்,
சூப்பர்வைசர் இரண்டு கடிதம் கொடுத்தார்.

நடுப்பகுதியும் கைமாறி வந்து முடிந்தது.
எழுநூற்று நாற்பதாம் பக்கம், கடைசி வரி:
எயினி கோட்டைக் கதவில் கை வைக்கிறாள்.
கதவு

அந்தச் சொல்லுக்குப் பின் கத்தி.

அந்த வாரம்தான் சீட்டுப் பணத்தில் சண்டை.
நானூறு வெள்ளி. யார் எடுத்தது என்று
இன்றைக்கு எனக்கே சரியாகத் தெரியாது.
மிருணாளினி ஜொகூருக்குப் பஸ் ஏறினாள்,
துணிப்பையில் முடிவோடு.

பிறகு பதினொரு வருடம்.
புதுப் பதிப்பு வந்தது, அட்டையில் நடிகை.
கையில் எடுத்தேன், பின்பக்கங்கள் விரலில் பட்டன,
திரும்ப அடுக்கில் வைத்துவிட்டேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
முடிவு அவளிடம் இருந்தது.

படம் வருகிறது, வருகிறது என்றே
மூன்று தீபாவளி போயின.
முன்னோட்டத்துக்கே ஒரு முன்னோட்டம்,
முறுக்குப் பொட்டலத்தில்கூட எயினி.
கடைசியில் பிறையில் ஒரு மால், செவ்வாய்க்கிழமை,
பாதி விலை, ஒற்றை டிக்கெட்.

இருட்டியதும் நாடு வந்தது. பெரிய நாடு.
நான் கட்டியதைவிட எவ்வளவோ சுத்தம்.
என் கோட்டைக்குக் கொம்தாரின் சாயல்,
மழைக்கறை, ஏசி சொட்டும் ஈரம் எல்லாம் உண்டு.
கீழே ஓடிய மலாய் எழுத்தில்
நிழல்வரி "சுக்காய் பாயாங்" ஆனது.
பக்கத்துப் பையன் ஜிஎஸ்டி என்று சிரித்தான்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் கோபமாக.

எயினி அழகி.
'ழ' வரும் இடத்திலெல்லாம் வாளை உருவினாள்.
நிழலில்லாதவள் என்று ஊரே சொன்ன பிறகு
மூன்றாவது பாட்டில், வெயில் மணலில்,
இருபது பேர் நிழலோடு அவள் நிழலும் ஆடியது.

ஒற்றைச்செவித் தோணிக்காரன் வரவேயில்லை.
இரண்டே பக்கம் வருகிறவன்.
பட்டர்வொர்த் ஃபெர்ரியில் கயிறு இழுத்த ஒருவரின் தாடையை
அவனுக்குக் கொடுத்திருந்தேன்.
இங்கே பாலம் போட்டு ஆற்றைக் கடந்தார்கள்.
போகட்டும்.
எயினிக்கு நான் வைத்திருந்த முகம்
முதல் பத்து நிமிடத்திலேயே போய்விட்டது.
அவன் முகம் பத்திரம்.

இடைவேளை இல்லாத மூன்று மணி நேரம்.
சிறுநீரை அடக்கியபடி
கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தோம்,
எயினியும் நானும்.
கை வைத்தாள்.
கதவு

திரை கறுத்தது.
"இரண்டாம் பாகத்தில் சந்திப்போம்."

அரங்கம் ஊளையிட்டது.
நான் சிரிக்கத் தொடங்கினேன்,
விளக்கு வந்தும் நிற்கவில்லை,
பாப்கார்ன் கூட்டுகிற வங்காளதேசத் தம்பி
துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பார்த்தான்.
அவனிடம் எப்படிச் சொல்வது,
அதே இடம், அதே சொல்,
எங்கோ ஒருவன் கையிலும்
ரொட்டிக் கத்தி இருந்திருக்கிறது என்று.

கிராப் காரில் ஏறி, பழைய எண்ணுக்கு அனுப்பினேன்:
கதவு திறந்ததா?
ஒரு டிக். வெகுநேரம் ஒரே டிக்.
பாலத்தின் நடுவில் இரண்டானது.

"மொதல்ல நானூறு வெள்ளியக் கொடு."

நான் ஏதோ அடித்து, அழித்து, திரும்ப அடிப்பதற்குள்
இன்னொன்று வந்தது.

"எழுநூத்து நாப்பத்தொண்ணு. கரையான் அரிச்சிருக்கு,
ஆனா எழுத்து தெரியுது.
போட்டோ அனுப்பவா, வாய்ஸ்ல படிக்கவா?"